பால்வாடிக் குழந்தைகளும் தொற்றுநோயும்

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரியவர்களுக்குப் பொருந்தும் இப்பழமொழி, குழந்தைகளுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். பேசக் கற்பதும், பொறுமை கற்பதும், இருப்பதைப் பகிர்ந்து உண்ணக் கற்பதும் பிற குழந்தைகளோடு கூடியிருக்கும்போதே எளிதாக நிகழ்கின்றன. ஆயினும் முப்பது குழந்தைகள் ஓரிடத்தில் கூடும்போது, கண்ணுக்குத் தெரியாத வேறு சில உயிர்களும் அங்கே கூடிவிடுகின்றன. அவற்றைப் பற்றியும், அவற்றினின்று நம் குழந்தைகளைக் காக்கும் வழிகளைப் பற்றியும் இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மனத்திற் கொண்டு பேசும் இடம், கள்ளக்குறிச்சியும் அதற்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையும் ஆகும். 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் ஒரு பக்கம் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் சமவெளி. மற்றொரு பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தைக் கடந்து மேலேறும் மலைச்சாலை நம்மை வெள்ளிமலைக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கே சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரள நாட்டினர் என்று எண்ணிவிட வேண்டா. அவர்கள் பேசுவது தமிழே. 1976ஆம் ஆண்டு வரையில் அம்மலை ஜாகீர்தார்களின் அதிகாரத்தில் இருந்தது. ஆதலின் சாலையும் பள்ளியும் மருத்துவமும் சமவெளியைக் காட்டிலும் அங்கே காலந்தாழ்த்தே சென்றடைந்தன.

மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, ஏழைக் குடும்பத்துத் தாய் வேலைக்குப் போயே ஆக வேண்டும். கரும்பு வெட்டும் காலத்தில் விடியுமுன்னே புறப்படுகிறாள். மலையில் சாமையும் தினையும் விளையும் காட்டிற்கோ, கடுக்காய் பொறுக்கவோ போகிறாள். அவள் திரும்பும் வரையில் கைக்குழந்தையை விடச் சற்றே பெரிய குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? முற்காலத்தில் பாட்டி பார்த்துக்கொண்டாள். அல்லது அக்காள் தன் படிப்பை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டாள். இக்குறையைத் தீர்க்க வந்தவையே, பால்வாடி என்றும் அங்கன்வாடி என்றும் நாம் அழைக்கும் குழந்தைகள் மையங்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பெற்றது. 1980இல் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதுக்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கும் சூடான பகலுணவு கிடைத்தது. இன்று நம் மாநிலத்தில் ஏறத்தாழ 54,000 மையங்கள் உள்ளன. ஓர் அக்காள் பள்ளிக்குப் போக முடிகிறது என்றால், அவள் தம்பி பால்வாடியில் இருக்கிறான் என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

இத்துணை நன்மை செய்யும் இடத்தில் நோய் பரவுவது எவ்வாறு? அதனை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து பெறும் நோய் எதிர்ப்பு ஆற்றல், சில திங்கள்களில் குறைந்துவிடுகிறது. தனக்கென ஆற்றலை உடல் தேடிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைக்காலத்திலேதான் குழந்தை பால்வாடிக்கு வருகிறது. வீட்டில் அது பழகும் மனிதர் ஐந்தாறு பேர்; மையத்திலோ முப்பது வீடுகளின் மூச்சும் முப்பது வீடுகளின் கைகளும் ஓர் அறைக்குள் வந்து சேருகின்றன. எதனையும் வாயில் வைத்துப் பார்த்தே அறிந்துகொள்வது அவ்வயதின் இயல்பு. ஒரு குழந்தை சுவைத்துப் போட்ட மரப்பொம்மையை அடுத்த குழந்தை எடுத்துச் சுவைக்கிறது. இதற்காக யாரையும் குறை கூறுவதற்கில்லை; அது குழந்தையின் கல்வி.

நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று பாக்டீரியா, மற்றொன்று அதனினும் மிகச் சிறிய வைரஸ். சளி, காய்ச்சல்களில் மிகுதியானவை வைரசினால் வருவன. அவை பெரும்பாலும் சில நாள்களில் தாமே தணிந்துவிடும். பாக்டீரியாவினால் வருவன சில வேளைகளில் முற்றி உயிருக்கு உலை வைக்கும். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு மருந்தும், சிலவற்றுக்குத் தடுப்பூசியும் உண்டு. பாக்டீரியா நோய்கள் பால்வாடியில் மூன்று வழிகளில் பரவுகின்றன. கை வழி ஒன்று. மூச்சு வழி ஒன்று. தோல் வழி ஒன்று.

கை வழியாகப் பரவுவனவற்றுள் முதன்மையானது, இரத்தமும் சீதமுமாகக் கழியும் சீதபேதி. 1897ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் கியோஷி ஷிகா என்னும் மருத்துவ அறிஞர் இதன் கிருமியைக் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது ஷிகெல்லா என வழங்குகிறது. குடல் நோய்க் கிருமிகள் பலவும் ஆயிரக்கணக்கில் உட்சென்றால்தான் நோய் தரும். ஷிகெல்லாவோ பத்து முதல் நூறு கிருமிகள் புகுந்தாலே போதும், நோயை உண்டாக்கிவிடும். நகக் கண்ணில் ஒட்டிய அழுக்கில் அதனினும் பன்மடங்கு இருக்கக்கூடும். பேதி நின்று குழந்தை நலமாக விளையாடத் தொடங்கிய பின்னரும், சில வாரங்கள் வரை அதன் மலத்தில் கிருமி வெளிவரலாம். ஆகவே, நோய் போய்விட்டது என்று நாம் எண்ணும் நாளிலும் அது போகாமல் இருக்கக்கூடும்.

மூச்சு வழியாகப் பரவுவன நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளும், கக்குவான் இருமலும், தொண்டை அடைப்பானும். நிமோனியாக் கிருமிகளில் முதன்மையான நிமோகாக்கஸ், நலமாக உள்ள குழந்தையின் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு தீங்கும் செய்யாமல் தங்கியிருக்கும். நம் மாநிலத்துக் கிராமங்களில் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளின் மூக்கில் இக்கிருமி காணப்பட்டது. உடல் நலிந்த வேளையிலோ, தட்டம்மை கண்டு தேறிய வேளையிலோ அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆகவே நோயுற்ற குழந்தையை மட்டும் விலக்கினால் நோய் நின்றுவிடும் என்று எண்ணுதல் தவறு. நலமான குழந்தையும் கிருமியைச் சுமந்து வரும்.

தோல் வழியாகப் பரவுவது சிரங்கு. முழங்காலிலும் வாயோரத்திலும் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி நிற்கும் இதனை ஊரார் பெரிதாக நினைப்பதில்லை. சொறிந்த கையால் தொட்ட இடமெல்லாம் அது பரவும். சீழ்ப் புண் ஆறிச் சில வாரங்கள் கழித்து, சில குழந்தைகளுக்கு முகம் வீங்கி, சிறுநீர் காப்பி நிறமாக இறங்கும். அது சிறுநீரகம் தாக்குண்டதன் அறிகுறி. இதே இனத்துக் கிருமி தொண்டையில் புண்ணை உண்டாக்கும்போது, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கீல்வாதக் காய்ச்சல் வந்து, இருதயத்தின் தடுக்கிதழ்கள் வாழ்நாள் முழுவதற்கும் பழுதாகிவிடுதலும் உண்டு. தம்பி வீட்டிற்குக் கொண்டுவந்த தொண்டைப் புண் அண்ணனின் இருதயத்தைக் கெடுக்கக்கூடும் என்றால், இதனைச் சிறு நோய் என்று சொல்லலாமா?

இக்கிருமிகளுக்கு ஊர்தியாவன எவை என்று ஒரு மையத்தில் அரை நாள் அமர்ந்து பார்த்தாலே விளங்கும். ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. ஆயா அன்போடு தன் முந்தானையால் துடைத்து விடுகிறார். சற்று நேரத்தில் அதே முந்தானை மற்றொரு குழந்தையின் மூக்கைத் துடைக்கிறது. பகலுறக்கம் முடிந்தபின், எல்லாக் குழந்தைகளுக்கும் முகங் கழுவி, ஒரே துண்டால் துடைத்து, ஒரே சீப்பால் வாரி, ஒரே பஞ்சால் பவுடர் பூசி, மாலையில் தாய் வந்து பார்த்து மகிழும்படி வரிசையாக உட்கார வைக்கிறார்கள். இவற்றில் எதுவும் அலட்சியத்தால் நேர்வதன்று. அத்தனையும் அன்பினால் நேர்வன. ஆகையால் இங்கே வேண்டுவது கண்டிப்பு அன்று. அன்பு செய்யும் முறையில் ஒரு சிறு மாற்றமே.

அப்படியானால் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லதாயிற்றே என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கல்வியாளர் விடை கண்டனர். லண்டன் மாநகரின் டெட்போர்டு என்னும் ஏழ்மை மிக்க பகுதியில், ரேச்சல் மாக்மில்லன், மார்கரெட் மாக்மில்லன் என்னும் சகோதரிமார் 1914ஆம் ஆண்டில் திறந்தவெளிக் குழந்தைப் பள்ளியை நிறுவினர். நெருக்கமான இருண்ட வீடுகளில் நோயுற்று வாடிய குழந்தைகளைத் தோட்டத்திற்கு அழைத்து வந்து, குளிப்பாட்டி, உணவூட்டி, காற்றோட்டத்தில் உறங்க வைத்தனர். அங்கே கூட்டம் நோயை வளர்க்கவில்லை. ஒழுங்குடன் அமைந்த கூட்டம் நலத்தையே வளர்த்தது. மரியா மாண்டிசோரி அம்மையார் முதற்கண் மருத்துவர், பின்னரே கல்வியாளர். 1907ஆம் ஆண்டில் ரோம் நகரில் தொழிலாளர் குழந்தைகளுக்காக அவர் அமைத்த இல்லத்தில், கை கழுவுதலும் மூக்குச் சிந்துதலும் எழுத்துக்கு முற்பட்ட பாடங்களாக இருந்தன. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததும், போர்க்காலத்தில் கோடைக்கானல் மலையில் தங்கியிருந்ததும் நம்மில் பலர் அறிந்ததே. அம்முறையில், கை கழுவுதல் என்பது பாடம் தொடங்குமுன் விரைவாக முடித்துவிட வேண்டிய வேலை அன்று, அதுவே பாடம். மூன்று வயதுக் குழந்தைக்கு அதனினும் விருப்பமான விளையாட்டு வேறொன்று இல்லை என்பதைச் சிறு குழந்தைகளோடு பழகிய ஆசிரியர் எவரும் அறிவர்.

கை கழுவுவதால் மெய்யாகவே பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று கூறுவேன். கராச்சி நகரின் ஏழை மக்கள் குடியிருப்புகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சில குடியிருப்புகளில் சோப்பு வழங்கி, கை கழுவும் பழக்கத்தை ஊக்குவித்தனர். வேறு சிலவற்றில் அவ்வாறு செய்யவில்லை. பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சோப்புப் பெற்ற வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சிரங்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான் மேலே கூறிய மூன்று வழிகளையும் ஒரே சோப்புக் கட்டி மறித்துவிட்டது. அதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. கிருமி கொல்லும் மருந்து சேர்ந்த விலையுயர்ந்த சோப்பும், சாதாரணச் சோப்பும் ஒரே அளவு பயனையே தந்தன. ஆகவே விளம்பரங்களைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை.

சோப்பு எளிது, நீர் எளிதன்று. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மையத்தில் முப்பது குழந்தைகள். காலையில் வந்தவுடன் ஒரு முறை, கழிவறை சென்றபின் ஒரு முறை, உணவுக்கு முன் ஒரு முறை என நாளொன்றுக்கு மூன்று முறை கை கழுவினால் 90 முறையாகிறது. ஒரு முறைக்கு அரை லிட்டர்க் குவளை நீர் என்றால் 45 லிட்டர். ஏறத்தாழ மூன்று குடம். குழாய் உள்ள ஊரில் இது ஒரு பொருட்டன்று. கோடையில் மலையூரில் ஊற்று வற்றிய நாளில், அம்மூன்று குடத்தையும் இடுப்பில் சுமந்து வர வேண்டியவர் சமைக்கவும் வேண்டும், குழந்தையைத் தூக்கவும் வேண்டும் என்றால், கை கழுவும் பாடம் எத்தனை நாள் நடக்கும்? கை கழுவாமைக்குக் காரணம் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பல இடங்களில் அதற்குக் காரணம் அம்மூன்று குடமே.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் தோன்றிப் பல நாடுகளுக்கும் பரவிய முறை அது. இரண்டு கவைக் கம்புகளை நட்டு, குறுக்கே ஒரு கழியை வைத்து, அதில் ஒரு பழைய எண்ணெய்க் கேனைக் கோத்துத் தொங்கவிட வேண்டும். கேனின் கழுத்தருகே சிறு துளையிட்டு, அக்கழுத்தில் ஒரு கயிறு கட்டி, அக்கயிற்றின் மறுமுனையைத் தரையில் உள்ள ஒரு மிதிகட்டையோடு பிணைக்க வேண்டும். குழந்தை காலால் கட்டையை மிதித்தால் கேன் சாய்ந்து மெல்லிய தாரையாக நீர் விழும். காலை எடுத்தால் நின்றுவிடும். குவளையால் மொண்டு ஊற்றுவதைக் காட்டிலும் மிகக் குறைந்த நீரே செலவாகும். அழுக்குக் கை எதனையும் தொடவும் வேண்டுவதில்லை. சோப்பை ஒரு பழைய வலைத்துணியில் கட்டிப் பக்கத்திலேயே தொங்கவிட்டால் தரையில் விழாது, கரைந்தும் போகாது. கழுவிய கையைப் பொதுத் துண்டில் துடையாமல் காற்றில் உலர விடுதல் நன்று. இதனை அமைக்க ஊர் இளைஞர் இருவர் அரை நாள் உழைத்தால் போதும்.

குடிநீரைப் பற்றியும் ஒரு சொல். பானைக்குள் குவளையை நேரே விட்டு மொள்ளும் வழக்கத்தினால், ஒரு குழந்தையின் கை முப்பது குழந்தைகளின் நீரையும் தொட்டுவிடுகிறது. நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையோ, குழாய் வைத்த பாத்திரமோ இருத்தல் வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய நீரே பாதுகாப்பானது. நம் பெரியோர் குவளையில் வாய் படாமல் அண்ணாந்து குடித்தனர். வாசலில் நீர் வைத்துக் கால் கழுவியே வீட்டிற்குள் நுழைந்தனர். சிறு குழந்தைகளால் அண்ணாந்து குடிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தம்ளர் இருப்பதே அப்பழைய அறிவின் புது வடிவம். பாய் விரித்து உறங்க வைக்கும்போது, ஒரு குழந்தையின் தலை இருக்கும் பக்கம் அடுத்த குழந்தையின் கால் வருமாறு மாற்றிப் படுக்க வைத்தால், ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படுவது குறையும். சாளரங்களைத் திறந்து வைக்கக் காசு ஒன்றும் ஆவதில்லை.

இனி, நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். காய்ச்சலோ பேதியோ உள்ள குழந்தையை மையத்திற்கு அனுப்பாதீர்கள் என்று எல்லோரும் அறிவுரை கூறுகிறோம். அறிவுரை சரியானதே. ஆனால் அதனைக் கேட்கும் தாயின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். குழந்தையை வீட்டில் வைத்தால் அன்றைய கூலி போயிற்று. அது மட்டுமன்று, குழந்தைக்கு மையத்தில் கிடைக்கும் சோறும் பருப்பும் முட்டையும் போயிற்று. கூலி வராத நாளில் வீட்டில் அவற்றுக்கு ஈடு கிடைக்குமா? ஆகவே தாய், காய்ச்சல் அடிக்கும் குழந்தைக்கு ஒரு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, உடம்பு சற்றே குளிர்ந்ததும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். அவளைக் கடிந்து பயனில்லை. நோயுற்ற குழந்தை வீட்டில் ஓய்வெடுக்க வேண்டுமானால், அதன் உணவு அதனைத் தேடி வீட்டிற்குப் போக வேண்டும். நோயுற்ற குழந்தைக்கு உணவு முன்னிலும் மிகுதியாக வேண்டும் என்பது மருத்துவ நூல் முடிவு.

இது இயலாத காரியம் அன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றால் மையங்கள் மூடப்பட்டபோது, அரிசியும் பருப்பும் முட்டையும் குழந்தைகளின் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பப்பட்டன. ஊர் முழுவதற்கும் அன்று செய்ய முடிந்ததை, ஒரு வாரத்தில் நோயுறும் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இன்று செய்ய முடியாதா? அண்டை வீட்டார் ஒருவர் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிச் சென்றால் போதும். இதற்கு விதி வேண்டுமானால் விதி செய்யலாம். குழந்தையைப் பிரித்து வைப்பது தண்டனையாகத் தோன்றும் வரையில் தாய்மார் நோயை மறைத்தே தீருவர்; அது உதவியாகத் தோன்றும் நாளில் அவர்களே வந்து சொல்வர்.

ஆசிரியனாகப் பணியாற்றியவன் என்ற முறையில் மற்றொன்றும் கூற விரும்புகிறேன். வருகைப் பதிவேட்டைக் கணக்குக் காட்டுவதற்கு மட்டும் உரியது என்று நாம் கருதுகிறோம். அதனைக் கூர்ந்து படித்தால், ஊருக்கு வரும் நோயை முன்னறிவிக்கும் கருவியாகவும் அது பயன்படும். ஒரு குழந்தை வரவில்லை என்றால் அது ஒரு வீட்டுச் செய்தி. ஒரே தெருவில் மூன்று குழந்தைகள் ஒரே வாரத்தில் வரவில்லை என்றால் அது ஊர்ச் செய்தி. வராமைக்கு ஏது காரணம் என்று பெயருக்கு எதிரே ஒரு சொல் எழுதி வைத்தால் போதும்: பேதி, இருமல், புண், ஊருக்குப் போனது. பேதி என்ற சொல் மூன்று இடத்தில் தோன்றிய அன்றே கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிவிட்டால், நீர்த்தொட்டியைப் பார்க்கவும், குளோரின் கலக்கவும், மற்றக் குழந்தைகளைக் காக்கவும் நேரம் கிடைக்கும். மலையூர்களில் உதவி வந்து சேரவே பல மணி நேரம் ஆகும்; அங்கே ஒரு நாள் முன்னதாகத் தெரிவது பெரும் பேறு.

தடுப்பூசியைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. தொண்டை அடைப்பானுக்கு மாற்று மருந்து கண்ட பெரிங் என்னும் ஜெர்மானிய அறிஞருக்கே, 1901ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அந்நோய் அந்நாளில் எத்துணைக் குழந்தைகளைக் கொண்டு போயிற்று என்பதை அப்பரிசே உணர்த்தும். இன்று தடுப்பூசி அந்நோயைப் பெரிதும் அடக்கி வைத்திருக்கிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் ஐங்கூட்டு ஊசி, 2011ஆம் ஆண்டு டிசம்பரில் நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிமோகாக்கஸ் ஊசி 2021இல் நம் மாநிலத்தில் வந்தது. கைக்குழந்தைக்கு இவற்றைப் போடுவதில் தாய்மார் காட்டும் கருத்து பாராட்டத்தக்கது. ஆனால் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய ஊக்க ஊசிகள் பல வேளைகளில் விட்டுப் போகின்றன. குழந்தை பால்வாடியிலே பயிலும் ஆண்டுகளின் தொடக்கமும் முடிவும் அவையே. அவை விட்டுப் போன இடங்களில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலை காட்டுகிறது.

கல்வராயன் மலையில் இதற்குத் தனிப்பட்ட ஒரு காரணமும் உண்டு. வேலை தேடிக் குடும்பத்தோடு பிற மாவட்டங்களுக்கும் பிற மாநிலத் தோட்டங்களுக்கும் சென்று, சில திங்கள் கழித்துத் திரும்புவோர் அங்கே பலர். ஊசி போடும் நாளில் குழந்தை ஊரில் இருப்பதில்லை. ஆகையால் குடும்பம் புறப்படும்போது தடுப்பூசி அட்டையும் மூட்டையில் இருக்க வேண்டும். அந்த அட்டையைக் காட்டினால் எந்த ஊர் அரசு மருத்துவ நிலையத்திலும் ஊசி போட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்த குழந்தை மையத்தில் சேரும் முதல் நாளில், பெயரைப் பதியும்போதே அட்டையையும் பார்த்துவிட வேண்டும். தவறிய ஊசியைப் பின்னர்ப் போடலாம். காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடலாகாது.

நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டுவன சில. வயிற்றுப்போக்கிற்கு முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971ஆம் ஆண்டில் வங்கத்து எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகாலனாபிஸ் என்னும் மருத்துவர் இக்கரைசலைக் கொண்டே பல்லாயிரவர் உயிரைக் காத்தார். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும்; துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் காத்திருக்கலாகாது. இருமும் குழந்தையின் மூச்சைக் கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை நிமிடத்திற்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அல்லது மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால், அது நிமோனியாவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இன்று கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அது திறந்து வைக்கப்பட்டது.

கடையில் கேட்டு வாங்கும் மருந்தும், பட்டம் பெறாதவர் போடும் ஊசியும் வேண்டா. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரஸ் காய்ச்சலுக்கு உதவாது. வேண்டாத இடத்தில் அதனைக் கொடுத்தாலும், வேண்டிய இடத்தில் பாதியில் நிறுத்தினாலும், கிருமி அம்மருந்துக்கு அஞ்சாத வலிமை பெற்றுவிடும். அவ்வாறு வலிமை பெற்ற கிருமியும் அதே முந்தானையிலும் அதே பொம்மையிலும் ஏறி அடுத்த குழந்தையை அடையும். ஒரு வீட்டில் செய்த பிழை முப்பது வீட்டிற்குத் தீங்காகும்.

நேயர்களே, நான் கூறியவற்றில் பெரிய பொருட்செலவு ஒன்றும் இல்லை. ஒரு நீர்க்குழாய், ஒரு சோப்பு, ஆளுக்கொரு தம்ளர், ஆளுக்கொரு துண்டு, நோயுற்ற குழந்தையைத் தேடிச் செல்லும் ஒரு கிண்ணம் சோறு, கூர்ந்து படிக்கப்பெறும் ஒரு பதிவேடு. ஆயினும் இவை அனைத்தையும் மையப் பணியாளர், உதவியாளர் ஆகிய இரு பெண்மணிகளின் தலையில் ஏற்றிவிட்டு நாம் விலகி நிற்பது முறையாகாது. ஊராட்சிக்கு இதில் பங்குண்டு. ஆண்டுதோறும் மார்ச்சு 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாளில் நம் மாநிலத்துக் கிராம சபைகள் கூடுகின்றன. அன்று உங்கள் ஊர்ச் சபையில் எழுந்து, நம் பால்வாடிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அதனை யார் சுமக்கிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால், விடை கிடைக்கும் வரையில் உட்காராதீர்கள். மேடையேறிக் கேட்க வாய் திறவாத வயதினர் அக்குழந்தைகள். அவர்களுக்காகக் கேட்பது நம் கடமை.